தோளில் ஒரு கை

படம் வேண்டும் என்றான் தம்பி சுகிர்தன்.
அடையாள அட்டையில் இருப்பவளைப் பார்த்து
ஒருவரும் காசு போடமாட்டார்கள் என்றான்.
கலியாணப் படத்தை எடுத்து வெட்டினான்.
எவ்வளவு ஒட்ட வெட்டியும்
என் இடது தோளில்
நாலு விரல் மிஞ்சிப் போயிற்று.
விரலுக்குரியவர் கட்டாரில்.
மாசியோடு அழைப்பும் இல்லை.

படத்துக்குக் கீழே
'உயிருக்குப் போராடும் தாய்' என்று அச்சடித்தார்கள்.
நான் போராடவில்லையே.
அன்றைக்குக் கடலை ஊறப்போட்டேன்,
மகளின் சப்பாத்துக்கு வெள்ளை பூசினேன்,
செட்டிபாளையத்தில் வெயிலுக்குள்
முக்கால் மணித்தியாலம் பஸ்ஸுக்கு நின்றேன்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாங்கில்
எனக்குப் பக்கத்து இலக்கம் பரீனா.
காத்தான்குடி. கழுத்தில் கட்டி.
மடியில் எண்பது பக்கக் கொப்பி,
அதில் சாய்ந்த எழுத்து:

கிராம சேவகர் கடிதம், செவ்வாய் மட்டும். பத்துக்கு முன் கதிரைதான் இருக்கும்.
கொழும்புக் காசுக்கு எல்லாமே ரெண்டு பிரதி.
டொக்டரின் சீல் மங்கலென்றால் திருப்பி அனுப்புவான், அங்கேயே பார்த்து வாங்கு.
மஹரகமவில் தங்க: முன்வாசலுக்கு எதிர் ஒழுங்கை, மூன்றாவது கேற்.
சிங்களம் வராதா, ரிப்போட்டை நீட்டு, போதும்.
தொப்பி சும்மா தருவார்கள். கேட்டால்தான்.
எங்கட பள்ளியில் வெள்ளிக்கிழமை.
தமிழாக்களுக்கும் உண்டு, நான் கேட்டிட்டன்.

எனக்கு வாய் வராது என்றேன்.
"முதல்ல கேளுங்க புள்ள,
மறுகா வெக்கப்படலாம்."

சுகிர்தனின் கழகம் மென்பந்துப் போட்டி வைத்தது.
அணிக்கு எட்டுப் பேர், ஐந்து ஓவர்,
கட்டணம் மூவாயிரம்.
இறுதியாட்டத்தில் மழை.
விற்காத ரொட்டியை மூன்று நாள்
வீட்டில் நாங்களே தின்றோம்.
வென்ற அணி
கிண்ணத்தை மட்டும் தூக்கிக்கொண்டு
பரிசுக் காசை மேசையில் விட்டுப் போனது.
தோற்ற ஓர் அணி நடுவரோடு மல்லுக்கட்டி
கட்டணத்தைத் திருப்பிக் கேட்டது.
என்ன காரணமோ
எனக்கு அவர்களைத்தான் கூடப் பிடித்தது.
அவர்கள் கிரிக்கெட் விளையாட வந்திருந்தார்கள்.

பங்குனியில் ஒரு நாள்
பரீனா கொப்பியை என் பைக்குள் வைத்தா.
"அடுத்த கிழமை நான் வரல்லண்டா
இது உங்களுக்கிட்ட இரிக்கட்டும்."
அடுத்த கிழமை வரவில்லை.
அதற்கடுத்த கிழமையும்.
அந்த இலக்கத்தில்
ஏறாவூர் கிழவர் ஒருவர் இருந்து
பிளாஸ்ரிக் போத்தலில் தேத்தண்ணி குடித்தார்.

அன்று பின்னேரம் களுவாஞ்சிகுடியில் இறங்கினேன்.
தலையில் துணி, புருவம் இல்லை.
வெள்ளைச் சேர்ட் பையன் ஒருவன்
பால்மா ரின்னை எனக்கு நேரே குலுக்கினான்.
"அன்ரி, கான்சர் வந்த அம்மா ஒராளுக்கு."
ரின்னைச் சுற்றி ஒட்டிய படத்தில்
தலை நிறையப் பூவோடு ஒருத்தி.
அவன் பிடித்திருந்த இடத்தில்
அந்த நாலு விரலும் மறைந்து
அவள் தோளில்
அவனுடைய நகம் கடித்த கை இருந்தது.

"பாவம் அன்ரி, சின்னப் பிள்ளையும் இருக்காம்."
ஓம், ஏழாம் வகுப்பு என்று
சொல்ல வந்து விழுங்கினேன்.
ஐம்பது ரூபாய்த் தாள்.
துவாரத்துக்குள் போக அதை
நாலாய் மடிக்க வேண்டியிருந்தது.
பற்றுச்சீட்டுக்குப் பெயர் கேட்டான்.
பரீனா என்றேன்.
'ரீ' எழுதத் தடுமாறினான், அழித்து எழுதினான்.

இரவு மகள் படுத்த பிறகு
கொப்பியில் மிஞ்சிய பக்கத்தைத் திறந்தேன்.
பற்றுச்சீட்டைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டி
கீழே எழுதினேன்:

களுவாஞ்சிகுடி பஸ் தரிப்பு.
நாலரை வரைக்கும் ஒரு பொடியன் நிற்பான்.
யாரென்று கேட்க மாட்டான்.