எதிர்க்கடைக் கணக்கு

பாம்பன் பஸ் நிறுத்தத்தில்
அவர் வாசலும் என் ஷட்டரும் நேருக்கு நேர்.
நடுவில் பன்னிரண்டடி ரோடு,
ராமேஸ்வரம் போகிற வேன்களின் புழுதி.
டாக்டர் பிரகாசி வந்த வருஷம்
என் விற்பனை பாதியாய் விழுந்தது.
இதை நான் புகாராகத்தான் தொடங்கினேன்.

சீட்டு வரும்; இரண்டு வரி.
சிலதில் மருந்தே இருக்காது.
‘கருவாடு வேண்டாம். வியாழன் வா.’
இதை எந்த டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுப்பது?

டை கட்டிய கம்பெனிப் பையன்
காலண்டரும் பேனாவும்
பளபளக்கும் விட்டமின் படமுமாய் உள்ளே போவான்,
அத்தனையோடும் என் கல்லாவுக்குத் திரும்புவான்.
‘அண்ணே, அந்தம்மா என்னதான் எழுதும்?’
ஒரு ரூபாய் மாத்திரையைக் காட்டுவேன்.

சின்னப்பாலத்து ராக்கு
இடுப்பைப் பிடித்தபடி வந்தாள்.
ராமநாதபுரத்தில் ஏழாயிரத்துக்கு ஸ்கேன்;
அடகு வைக்கத் தோட்டைக் கழற்றி
முந்தானையில் முடிந்திருந்தாள்.
காலைத் தூக்கச் சொன்னாராம், முழங்காலைத் தட்டினாராம்,
நனைந்த பாசிச் சாக்கு எத்தனை கிலோ என்று கேட்டாராம்.
‘டாக்டர் கேட்கிற கேள்வியா இது, தரகன் கேட்கிறது’
என் கடை முன் நின்று சிரித்தாள்.
மூன்று வாரம் அரைச் சாக்கு.
கால் மரத்தால் மட்டும் அன்றைக்கே ஓடி வா.
கால் மரக்கவில்லை.
தோடு காதில் கிடக்கிறது.

அதே அம்மாதான்
இன்னாசி கரையேறி, சட்டை நனைய வியர்த்து,
‘வாயுதான்’ என்று என்னிடம் சோடா கேட்ட இரவில்
செருப்பில்லாமல் ரோட்டைத் தாண்டி வந்தார்.
ஆஸ்பிரினைப் பிடுங்கி, ‘மெல்லு’ என்றார்.
ஆம்புலன்ஸில் தானும் ஏறிக்கொண்டார்.
எவ்வளவு ஆகுமோ என்று விம்மியவளிடம்
‘அதுக்கு நாளைக்கு அழுவோம், ஏறு.’

எல்லாம் சரியாய்ப் போய்விடவில்லை.
களஞ்சியத்தின் இருமலுக்கு
இன்னும் பத்து நாள் பார்ப்போம் என்றார்.
பார்த்திருக்கக் கூடாது.
குடும்பத்துக்கு ஒன்றாய் அவர் எழுதும் நீள நோட்டுகளில்
அந்த வீட்டு நோட்டு மேசை மேலேயே இருந்தது.
அப்புறம் ஆறு மாதம் சீட்டுகள் நீண்டன:
எக்ஸ்ரே, ரத்தம், மறுபடி ரத்தம்,
எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சிரப்.
என் கல்லா நிறைந்தது.
எண்ணிவிட்டு எண்ணிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எந்த நாளில் மறுபடி இரண்டு வரியானது
என்று கவனிக்கவில்லை.

என் கதைக்கு வருகிறேன்.
வயிறு எரிந்தது. எதிர்வாசலுக்குப் போக வெட்கம்,
மருந்து விற்கிறவனுக்கு அம்பது ரூபாய் டாக்டரா?
மதுரைக்குப் போனேன்.
குழாய் விட்டுப் பார்த்தார்கள், குளிர் அறையில் படுக்க வைத்தார்கள்,
நாற்பத்து மூவாயிரத்துக்கு
என் பெயர் பொறித்த பிளாஸ்டிக் கோப்பு கொடுத்தார்கள்.
அதை அவர் மேசையில் வைத்தேன்.
திறக்கவில்லை.
‘நைனா, முட்டிவலிக்கு உன் கடையிலேயே எடுத்து
எத்தனை நாளா முழுங்குறே?’

இரண்டு வருஷம்.
காலை ஒன்று, ராத்திரி ஒன்று, காசு கொடுக்காமல்.
மதுரையில் ஒருத்தரும் கேட்கவில்லை.
நான் என்ன வேலை பார்க்கிறேன் என்றுகூட.

நேற்று கரண்ட் போன நேரம்,
பாலத்துப் பக்கமிருந்து உப்புக்காற்று.
அவர் தாமாகவே ரோட்டைத் தாண்டி வந்து
என் ஸ்டூலில் உட்கார்ந்து கணுக்காலை அமுக்கினார்.
‘ஒரு வலி மாத்திரை அட்டை கொடு.’
நான் டப்பாவை மூடினேன்.
‘எத்தனை நாளா, டாக்டரம்மா?’

இருட்டில் முகம் தெரியவில்லை.
கொஞ்ச நேரம் கழித்து
‘சரி, ரெண்டு மட்டும் வெட்டிக் கொடு’ என்றார்.
கத்தரிக்கோலைத் தேடினேன்.