பதினேழாவது ஊசி

அலுவலகச் சுவரில் வரைபடம் மாட்டி
ஊசி குத்தியவள் நான்தான்.
பெர்லிஸ் தொடங்கி தாவாவ் வரை
பதினேழு ஓவியக் குழுக்கள்.
ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிவப்பு நூல்
கோலாலம்பூருக்கு.
தேசிய வலையமைப்பு என்று பெயர் வைத்து
மூன்றாண்டு மானியம் வாங்கினோம்.
எல்லா நூலும் நடுவுக்கே வந்தால்
அது வலையில்லை, குடைக்கம்பி என்று
அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.
நானும்.

இது மூன்றாம் ஆண்டின் கடைசி மாதம்.
பாடாங் செராய்,
டயர் கடைக்கு மேல்மாடி.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் உறுமும்போதெல்லாம்
என் தேநீரில் வளையங்கள்.
படிவத்தில் உறுப்பினர் பதினொருவர்.
நாற்காலியில் ஐவர்.
"மத்தவங்க மில்லுல நைட் ஷிப்ட், தூங்குறாங்க"
என்கிறாள் செயலாளர் ஜீவரேகா.
பல் கிளினிக்கில் தாதி.
பொய்யா என்று பார்க்க
அவள் முகத்தில் எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

பயனடைந்தோர் எத்தனை பேர்?
செம்பனை லோரி ஓட்டும் கதிரவேலன்
கொஞ்ச நேரம் யோசித்துக் கேட்கிறார்:
"பார்த்தவங்களா, நின்னு பார்த்தவங்களா?"
படிவம் இரண்டையும் பிரித்ததில்லை.

கண்காட்சிகள்:
அறிக்கையில் ஆறு, நடந்தது இரண்டு.
அதில் ஒன்று பாசார் மாலாமில்,
அப்பம் பாலிக் கடைக்கும் கைப்பேசி உறைக் கடைக்கும் இடையில்,
மழை வந்து அரைமணியில் சுருட்டியது.
மீதி நான்கு?
எல்லாரும் தரையைப் பார்க்க
ஹஸ்னா மட்டும் மேலே பார்த்தாள்.
ஒன்பது தகடு, புதுத் தகரம்.
"கூரைக்குக் காசு கேக்க
உங்க படிவத்துல கட்டம் இல்ல, மிஸ்.
கண்காட்சிக்கு இருந்துச்சு."

அந்தப் படிவத்தையும் நான்தான் எழுதினேன்.

ஓவியங்களைப் பார்க்க எழுந்தேன்.
பழைய தேர்தல் பதாகைகளின் முதுகில் வரைகிறார்கள்.
ஜன்னல் வெயில் பின்னாலிருந்து விழ
கதிரவேலனின் செம்பனைக் குலைக்குள்ளிருந்து
எட்டிப் பார்த்தது
தோற்றுப்போன வேட்பாளர் ஒருவரின் மீசை.
சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார்.
அது வேண்டுமென்றே விட்டதாம்.

இவ்வளவு நீலம் எங்கிருந்து வந்தது?
வாங்கிய ரசீது கோப்பில் இல்லை.
"குளுவாங்குல மிச்சமாம். பஸ்ஸுல போட்டாங்க.
நாங்க அவங்களுக்குப் பதாகை அனுப்பினோம்."
கதவோரம் ஓர் ஆணி.
அதில் குத்திய பார்சல் சீட்டுகள், நாற்பத்து மூன்று.
குளுவாங், பத்து காஜா, சிரம்பான், பெந்தோங்.
தாவாவுக்குப் பஸ் போகாது என்பதால்
கப்பலில் வேலை பார்க்கும் ஹஸ்னாவின் தம்பி.
ஒரு சீட்டிலும் எங்கள் பெயரில்லை.
கோலாலம்பூரில் பெட்டிகள் பஸ் மாறுகின்றன,
அவ்வளவுதான்.

"ஒருத்தருக்கொருத்தர் எப்படிப் பழக்கம்?"
"உங்க மொத கூட்டத்துல, மிஸ்.
சாப்பாட்டு வரிசையில."

ஞாபகம் வந்தது.
இரண்டு நாள் பயிலரங்கு, நான்கு நிபுணர்கள்,
எண்பத்தாறு ஸ்லைடு.
தட்டு போதாமல் வரிசை
முக்கால் மணிநேரம் நகரவில்லை.
சமையல் குத்தகைக்காரரை
எல்லார் முன்னாலும் திட்டித் தீர்த்தேன்.
பணத்தில் கூடப் பிடித்துக்கொண்டேன்.

பக்கம் நான்கு, மதிப்பீட்டாளர் குறிப்பு,
மூன்று வரிக்கு இடம்.
நடந்தவை இரண்டு என்று எழுதினேன்.
கூரை ஒன்று என்று எழுதினேன்.
மூன்றாவது வரியில் பேனா நின்றது.
தொடரலாமா, நிறுத்தலாமா:
பொய்க்கணக்கு பொய்க்கணக்குதான்,
வெயிலில் தெரியும் அந்த மீசையும்
கண்ணை விட்டுப் போக மறுத்தது.

கிளம்பும்போது ஜீவரேகா
ஒரு பெட்டியைக் கையில் திணித்தாள்.
"நீங்க தெற்கேதானே போறீங்க.
சிரம்பான் ஆளு ஸ்டேஷனுக்கு வந்து எடுத்துக்குவாரு."
சீட்டில் அனுப்புநர், பெறுநர்.
எடுத்துச் செல்பவர் என்ற இடத்தில்
கேட்காமலே என் பெயர்,
ஓர் எழுத்துப் பிழையோடு.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.
ஏதோ ஒரு டப்பாவின் மூடி சரியில்லை.
தாப்பா தாண்டுவதற்குள்
பாவாடையெல்லாம் நீலம்,
மூன்றாவது வரி இன்னும் காலி.