ஜங்ஷன்

நான்காம் நாள் வாய் திறந்தது.
முதல் சொல் கெட்ட வார்த்தை.
ஊசியோடு வந்தவரைப் பார்த்து,
எழுத்துப் பிசகாமல், சுத்தமாக.
ஜி.ஹெச். வார்டே திரும்பிப் பார்த்தது.
அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.
சிரித்தாளா அழுதாளா
இன்னும் கேட்கவில்லை. அதைக் கேட்க
அத்தனை சொல் சேரவில்லை.

அவள் பெயர் எனக்குத் தெரியும்.
இருபத்தேழு வருஷம் கூப்பிட்ட பெயர்.
நாலெழுத்து.
படியில் தொங்குகிறது,
ஏறவும் மாட்டேன் இறங்கவும் மாட்டேன் என்று
காலேஜ் பையன் மாதிரி.
எத்தனை விசில் ஊதினாலும்
அசைவதில்லை.

ரெஹானா அட்டைகளை எடுத்து வைத்தாள்.
சீப்பு. "டிக்கெட்" என்றேன்.
சாவி. "டிக்கெட்."
பசுமாடு. கொஞ்சம் யோசித்து,
"அரை டிக்கெட்."
சிரிக்கவில்லை அந்தப் பெண்.
அட்டைகளை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள்:
"எந்த ரூட்டுல இருந்தீங்கண்ணே?"

பழைய பஸ் ஸ்டாண்டு கலெக்டர் ஆபீஸ் நாலு ரோடு
புது பஸ் ஸ்டாண்டு அஞ்சு ரோடு ஜங்ஷன்.
மூச்சு விடாமல் வந்தது.
கோணிய உதட்டில் ஒரு ஓரமாக,
ஆனால் வந்தது.
"நாலு ரோடு மட்டும் சொல்லுங்க."
முடியவில்லை.
நடுவில் ஏற இடமில்லை எனக்கு.
ஒவ்வொரு தடவையும்
பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்துதான் கிளம்பணும்.

சரி, கிளம்புங்க என்றாள்.
ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஒரு சொல்லை ஏற்றிவிட்டாள்.
நாலு ரோட்டில் தண்ணி.
அஞ்சு ரோட்டில் வலிக்குது.
கடைசியில், ஜங்ஷனில்,
வீட்டுக்காரம்மா பெயர்.

ராத்திரி ரெண்டு மணிக்குத் தாகம் எடுத்தால்
இருட்டில் வண்டியை எடுப்பேன்.
பழைய பஸ் ஸ்டாண்டு... கலெக்டர் ஆபீஸ்...
அவள் டம்ளரோடு கட்டில் பக்கம் நிற்பாள்.
நான் வந்து சேரும்வரை தர மாட்டாள்.
ரெஹானா அப்படிச் சொல்லியிருந்தாள்.
"தண்ணி" என்பதற்குள்
அவள் கை நடுங்கிப்
பாதித் தண்ணீர் என் மேல்.

ஆனால் ஜங்ஷனில் மட்டும்
யாரும் ஏறுவதில்லை.
கடைசி ஸ்டாப். எல்லாரும் இறங்கிப்போகிற இடம்.
ஜங்ஷன் என்பேன்,
அதோடு வண்டி காலி.
"என்ன" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள்.
அன்றிலிருந்து அவள் ஜங்ஷன்.

கைக்கு வேறு வைத்தியம்.
என் தோல் பையைக் கொண்டுவந்து
மடியில் வைத்தாள்.
பார்க்காமல் வலது கையால்
ரெண்டு ரூபாய்க் காசு ஒன்று எடுக்கணும்.
முப்பது வருஷம்
விரலுக்கே தெரிந்திருந்த விஷயம்.
இப்போது விரல் என்னைக் கேட்கிறது
எது ரெண்டு ரூபாய் என்று.
பையைத் தூக்கி எறிந்தேன், இடது கையால்.
பீரோவுக்கடியில், கட்டிலுக்கடியில்,
நடை வரைக்கும் உருண்டன.
அவள் குனியவில்லை.
பெருக்கும்போதுகூடக்
காசைச் சுற்றிப் பெருக்கினாள்.
மூன்றாம் நாள்
தரையில் உட்கார்ந்து, சரிந்து,
சுவரில் ஒருமுறை தலை இடித்து,
ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன்.
நூற்றுப் பதினேழு ரூபாய்.
பதினொரு ரூபாய் இன்னும் பீரோவுக்கடியில்.

சாயங்காலம் மாடிக்கு ஏறுவேன்.
நல்ல கால் முதலில், இழுக்கிற கால் பின்னால்.
கிச்சிப்பாளையத்து மாடியிலிருந்து
சேர்வராயன் மலை தெரியும்.
ஏற்காட்டிலிருந்து கடைசி வண்டி
இறங்கிக்கொண்டிருக்கும்.
விளக்கு மறையும்.
போய்விட்டது என்று நினைக்கும்போது
சற்றுக் கீழே,
திரும்பின பக்கத்தில், வரும்.
நானும் எண்ணுவேன்.
பன்னிரண்டுக்கு மேல் குழம்பிவிடும்.
வண்டி குழம்பாது.

போன வியாழக்கிழமை
மேட்டூர்த் தண்ணி வந்திருந்தது.
அவள் குழாயடியில்.
நான் வாசற்படியில், சும்மா.
எங்கிருந்தும் கிளம்பவில்லை,
எந்த ஸ்டாப்பும் நினைக்கவில்லை.
"தெய்வானை" என்றேன்.

நாலெழுத்தும். முழுசாக.

அவள் திரும்பவில்லை.
பக்கத்து வீட்டு அம்மா திரும்பினாள்,
யாரையோ தேடுகிற மாதிரி தெருவைப் பார்த்தாள்.
குடம் வழிந்தது.
மறுபடி சொல்ல வாயைத் திறந்தேன்,
அது படியில் போய்த் தொற்றிக்கொண்டது.

"ஜங்ஷன்" என்றேன்.
"வர்றேன் இரு" என்றாள்.