பெட்டிகளை எண்ணி வாங்குபவள்

ஹாப்சாலு ஊர் நூலகத்தில்
விளையாட்டுப் பெட்டிகளை இரவல் தருகிறவள் நான்.
புத்தகம் திரும்பினால் அட்டையைத் துடைத்தால் போதும்.
பெட்டி திரும்பினால் எண்ண வேண்டும்.
பகடை இரண்டு. மரக்காய் பதினாறு. மணற்கடிகாரம் ஒன்று.
கணக்கில் இல்லாததும் வரும்:
கறுப்பு ரொட்டித் துணுக்கு,
ஒருமுறை ஒரு பால்பல்,
தொலைந்த காய்க்கு ஈடாக ஒரு கோட்டுப் பொத்தான்.
அபராதம் போடமாட்டேன்.
‘மரக்காய் பதினைந்து, பொத்தான் ஒன்று’ என்று
பட்டியலைத் திருத்திவிடுவேன்.

நவம்பர் கடைசியில் நான்கு மணிக்கு முன்பே கடல் இருட்டிவிடும்.
அப்போதுதான் வருவார்கள், பூட்ஸில் சேற்றுப்பனியோடு.
“நல்லதா ஏதாவது ஒண்ணு கொடுங்க”,
மருந்துக்கடையில் இருமலுக்குக் கேட்பது போல.
நான் விசாரிப்பேன்:
எத்தனை பேர்?
கடைக்குட்டிக்கு எழுத்துக்கூட்டத் தெரியுமா?
தோற்றால் பலகையைக் கவிழ்ப்பது யார்?
மூன்றாவது கேள்விக்கு
வீடே அப்பாவைத் திரும்பிப் பார்க்கும்.

கவிழ்ப்பவர் உள்ள வீட்டுக்கு
எல்லோரும் ஒரே கட்சியாக நின்று
வெள்ளத்தை எதிர்க்கும் பெட்டி.
கோபித்துக்கொள்ள வெள்ளம் மட்டுமே இருக்கும்.
பேசாத பதினைந்து வயதுக்காரிக்கு
பொய் சொல்லியே தீரவேண்டிய சீட்டு.
பொய்க்காவது வாய் திறப்பாள்.
மனை வாங்கி வாடகை பிடுங்கும் நீண்ட ஆட்டத்தை
நானாகச் சொல்வதில்லை. கேட்டால் தருவேன்.
தங்கைக்கு வாடகை கட்டியவன்
அவளோடு பேச ஒரு வாரம் ஆகும்.
கொரோனாவும் உண்டு எங்களிடம். பயப்பட வேண்டாம்,
நோய்க்கு முன்பே அந்தப் பெயர் இந்தப் பலகைக்கு.
கோலால் வட்டைத் தள்ளி மூலைக்குழியில் விழவைப்பது.
வீட்டுக்குத் தூக்கிப்போக இரண்டு பேர் வேண்டும்,
பாதிச் சண்டை வழியிலேயே தீர்ந்துவிடும்.

ஊர்மெட் முதலில் வந்தபோது
“ரெண்டு பேருக்கு” என்றார்.
படகுப்பட்டறை வேலை, விரல்களில் வார்னிஷ்.
மகன் யோசெப்புக்கு ஒன்பது வயது.
ஐந்து பகடை உருட்டி
தாளில் புள்ளி எழுதும் ஆட்டத்தைக் கொடுத்தேன்.
மூன்று வாரம் கழித்துத் திரும்பியது.
அடியில் மறந்த தாள்கள்.
அப்பா, யோசெப் என்று இரண்டு பத்தி.
ஐந்தாவது தாளிலிருந்து மூன்றாவதாக ஒன்று: அம்மா.

அம்மா தோற்றதே இல்லை.
ஐந்து ஆறுகள் அவளுக்கு ஒரே மாலையில் இருமுறை.
ஓரத்தில் பையனின் பென்சில்:
‘அம்மாவுக்காக மறுபடி உருட்டினேன்.’

கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.
ஊர்மெட்டே சொன்னார்:
“மார்கிட் துர்க்குவில் நர்ஸ். ராத்திரி ஷிப்ட்.
மாசத்துக்கு ஒருமுறை கப்பலேறி வருவாள்.
போனில் ஆடுற மாதிரி எதுவும் இருக்கா?”

அலமாரி முழுக்கத் தேடினேன்.
எல்லாவற்றுக்கும் கண் வேண்டும்,
கை நீட்டி எடுக்க ஒரே மேஜை வேண்டும்.
கடைசியில் அதே பெட்டியைத்தான் நீட்டினேன்.
பலகை கிழிந்து ஒதுக்கிவைத்த இன்னொன்றிலிருந்து
பச்சைப் பகடை ஐந்தை எடுத்து உறையில் போட்டேன்.
“இது அங்கே போகட்டும்.
அவங்க உருட்டட்டும், அவங்களே சொல்லட்டும்.”
“பொய் சொன்னா?”
“சொல்லட்டும். ஆடத்தானே போறாங்க.”

மேயில் கணக்கெடுப்பு.
பகடை ஐந்து குறைகிறதே என்றாள் மேலாளர் மீலிகே.
‘துர்க்கு’ என்று எழுதிய கட்டத்தைக் காட்டினேன்.
அப்படி ஒரு கிளை நமக்கு உண்டா என்றாள்.
தேநீர் போடப் போய்விட்டேன்.

நேற்று பெட்டி வந்தது, தவணை தாண்டிப் பதினோரு நாள்.
எண்ணினேன், எல்லாம் சரி.
தாள்கள் இந்தமுறை தெரிந்தே வைத்தது போல மடித்திருந்தன.
எட்டு ஆட்டத்தில் ஆறில் அம்மா கடைசி.
ஒன்றில் வெறும் தொண்ணூற்றிரண்டு.
பக்கத்தில் யோசெப், அழுத்தி எழுதியிருக்கிறான்:
‘அம்மா உண்மையைத்தான் சொல்கிறாள்.’