உள்ளேன் சொல்லாத விளக்கு

ருஸ்தாவி. பிப்ரவரி.
உருக்காலைப் பக்கமிருந்து வரும் காற்று
ஷட்டரை இரண்டு விரல் தூக்கிப் பார்த்துவிட்டுக்
கீழே போடுகிறது.
நானுலி வண்டியை உள்ளே விட்டாள்.
பின்சீட்டில் ரொட்டிக் கூடைகள், இன்னும் சூடு.
"மஞ்சள் விளக்கு. மூன்று வாரமாய்" என்றாள்,
வந்துவிட்டுக் கிளம்பாத விருந்தாளியைச் சொல்வதுபோல.

ஸ்கேனரைச் செருகினேன்.
செத்த திரை.
தட்டினேன், ஒயரை முறுக்கினேன், ஊதினேன்,
அதன் பிறப்பைப் பற்றி ஜார்ஜிய மொழியில் ஒன்று சொன்னேன்,
மெனு ரஷ்யன் என்பதால்
ரஷ்ய மொழியிலும் ஒருமுறை.

எதிர்க்கடை ஜும்பரிடம் நல்லதைக் கடன் வாங்கினேன்.
அதுவும் கண் திறக்கவில்லை.
இரண்டு வைத்தியர்களும் ஒரே நாளில் ஊமையானால்
நாடியை நாமே பிடித்துப் பார்க்க வேண்டியதுதான்:
மீட்டரின் கருப்பு முனை நான்காம் துளையில்,
சிவப்பு பதினாறில்.
பன்னிரண்டு வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில்
பூஜ்யம்.

இந்த மாடலில்
அந்தத் துளைக்கும் சிகரெட் லைட்டருக்கும்
ஒரே ஃபியூஸ்.
டார்ச் அடித்தேன். லைட்டர் குழியின் அடியில்
ஏதோ மினுங்கியது.
மூக்கு நீண்ட குறடால் எடுத்தேன்:
பத்து சென்ட். அமெரிக்கக் காசு.
ஒரு பக்கம் கருகியிருந்தது.

"நான் புகைப்பதில்லை" என்றாள் நானுலி,
யாரோ குற்றம் சாட்டிவிட்டதைப் போல.

எங்கள் ஊரில் ஓடுவதில் பாதி
வேறு யாரோ ஒருவரின் கெட்ட நாள்.
ஏலத்தில் எடுத்து, கப்பலில் ஏற்றி,
தட்டி நிமிர்த்தி, வண்ணம் பூசியது.

புது ஃபியூஸ். ஸ்கேனர் விழித்தது.
ஒரே ஒரு எண். ஆவிக் கசிவு, சிறியது.
பெட்ரோல் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது.
மூன்று வாரத் தூக்கம் கெட்டது
இந்த மூடிக்காக.
மாற்றினேன், அழித்தேன்,
சாவியை மறுபடி திருப்பினேன்.

சாவி திரும்பியதும்
விளக்குகள் எல்லாம் ஒரு கணம் எரிந்து
உள்ளேன் ஐயா சொல்ல வேண்டும்.
எண்ணெய் சொன்னது. பேட்டரி சொன்னது. பிரேக் சொன்னது.
ஒன்று மட்டும் எழவில்லை.

டேஷ்போர்டைக் கழற்றினால்
காற்றுப்பை விளக்கின் முகத்தில் கருப்பு நாடா.
அளவாய் வெட்டி, நகத்தால் தேய்த்து,
அழகாய் ஒட்டியது.
அந்த வேலை எனக்குத் தெரியும்.
நானும் ஒட்டியிருக்கிறேன். இரண்டு முறை.

ஜும்பரின் ஸ்கேனர் இன்னும் ஆழம் போனது.
*மோதல் பதிவு உள்ளது. அழிக்க இயலாது.*

அவள் என் தோளுக்கு மேலிருந்து வாசித்தாள்.
"ஓட்டினவருக்கு?"
"அதெல்லாம் இதில் வராது."
"பை?"
"இல்லை. மூடி மட்டும்தான் இருக்கிறது,
உள்ளே காலி."

விலை சொன்னேன்.
கூடைகளைப் பார்த்தாள்.
எத்தனை ரொட்டி என்று
உதடு அசைந்தது, பாதியில் நின்றது.

"நாடாவைத் திரும்ப ஒட்டவா?"
கேட்டதும் எனக்கே கூசியது.

"வேண்டாம். எரியட்டும்.
இல்லாததையாவது
சொல்லிக்கொண்டே இருக்கட்டும்."

மஞ்சளோடு வந்தவள்
சிவப்போடு போனாள்,
இருக்கைக்கு ஒரு ரொட்டியை விட்டுவிட்டு.

காசு என் சட்டைப்பையில் இருக்கிறது.
பணமாற்றுக் கடைக்காரி
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
நோட்டு என்றால் மாற்றலாம்,
சில்லறை எடுப்பதில்லை.