கடைசிப் பெயர்

நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் திரும்பி வந்திருக்கின்றன.
எல்லாவற்றிலும் அதே சிவப்பு எழுத்து:
கடைசிப் பெயர் இல்லை.

ராயக்கோட்டை சாலையில் பம்ப்செட் கடைக்கு மேல்மாடி,
சொட்டுநீர்க் குழாய் விற்கும் எங்கள் ஆபீஸ்.
நேற்று ராத்திரி பழைய மென்பொருளிலிருந்து
புதியதற்குக் குடிபெயர்ந்தார்கள் வாடிக்கையாளர்கள்.
போனவர் போக
மிச்சம் பேர் வாசலில் நிற்கிறார்கள்.

புனேவுக்குப் போன் போட்டேன்.
மேப்பிங் சரி மேடம், டேட்டாதான் தப்பு என்றான்.
டேட்டா என்றால்
மு. திம்மராயன்.
கோ. கெஞ்சம்மா.
அப்பன் ஓரெழுத்தாய் முன்னே நடக்க
பின்னால் வருகிறவர்கள்.
அவர்களுக்குப் பின்னால் யாரும் வருவதில்லை.

கோப்பைத் திறந்தால்
செல் நம்பர் பத்து இலக்கத்தையும் விழுங்கி
ஒன்பது புள்ளி நாலு நாலு ஈ என்று
ஏப்பம் விட்டிருந்தது எக்செல்.
அது பழகின வியாதி. கால் மணி நேரம்.

அப்புறம்தான் பார்த்தேன்,
பழையதில் அந்தக் கட்டம் காலியில்லை.
ஆளுக்கு ஒரு முற்றுப்புள்ளி.
அதுவும் கடைசிப் பெயர் கேட்டிருக்கிறது,
யாரோ புள்ளி வைத்து ஏய்த்திருக்கிறார்கள்.
புதியது அதைத் தூசென்று துடைத்துவிடுகிறது.

பதிந்தவர் யார் என்று தேடினேன்.
முனிலட்சுமி, முனிலட்சுமி, முனிலட்சுமி.
வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம்.
நான்தான்.

மணி பத்தரை. கரண்ட் வேறு போய்ப்போய் வந்தது.
ஊர்க் கட்டத்தை இழுத்துக்
கடைசிப் பெயரில் ஒட்டினேன்.
பிழை: பூஜ்யம்.

காலை ஆறுக்கு, யாரையும் கேட்காமல்,
குறுஞ்செய்திகள் கிளம்பிவிட்டன.
'அன்புள்ள வேப்பனப்பள்ளி,
உங்கள் ஃபில்டரைக் கழுவும் நாள் இது.'

ஆறு பத்துக்குத் திம்மராயன்.
"ஏம்மா, வேப்பனப்பள்ளி மொத்தமும் நானாம்மா?
சங்கத் தேர்தல்ல பதினோரு ஓட்டுல தோத்தவன்மா நான்."
மன்னிப்புக் கேட்டு, மாத்திடறேங்க என்றேன்.
"மாத்தாதே. ஜெயிச்சவன்கிட்டக் காட்டணும்."

கெஞ்சம்மா கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு வந்தார்.
"சூளகிரி கட்டிக் குடுத்த ஊருதானே.
பொறந்த ஊரு எங்க போச்சு?"
அதற்குக் கட்டம் இல்லை என்று
சொல்ல வாய் வரவில்லை.

கட்டாயம் என்கிற அந்த ஒரு டிக்கை
எடுக்கும் அதிகாரம் புனேவில் இருக்கிறது.
புகார்ப் படிவம் நிரப்பினேன்.
விவரம் எழுதினேன், படம் இணைத்தேன்.
அனுப்பு என்றால் நகரவில்லை.
சிவப்பு: உங்கள் கடைசிப் பெயர்?

விரல் புள்ளிக்குத்தான் போயிற்று, பழக்கத்தில்.
எடுத்துவிட்டுக்
குருபரப்பள்ளி என்று அடித்தேன்.
மொத்தமும்.