நாலு அங்குலம்

என் வீட்டுக்காரர் பஸ் சீட்டுக்கு மெத்தை தைக்கிறவர்.
வண்ணார்பேட்டைப் பட்டறையில்
ஃபோமுக்கும் ரெக்சினுக்கும் நடுவே பதினாறு வருஷம்.
அவரைக் கூட்டிக்கொண்டு தொட்டில் வாங்கப் போனால்
கடையில் நிற்கிறவளுக்குத்தான் பாடு.

பிறக்குமுன்னே தொட்டில் வாங்குகிறவர்கள் உண்டா என்று
நாத்தனார் போனில் கேட்டாள்.
செக்கப்புக்குப் போன இடத்தில் நர்ஸ் மூன்று காரணம் சொன்னாள்
பிள்ளையை நடுவில் போட்டுப் படுக்காதீர்கள் என்று.
மூன்றாவதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
இவரிடம் சொன்னேன்.
அன்று ராத்திரி தன் கையைத் தானே
ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
தூங்கினால் அது ஒரு அரிசி மூட்டை.

ஜங்ஷனில் ஒரு கடை, டவுணில் ரெண்டு.
நிறம் பார்க்கவில்லை, கொசுவலை பார்க்கவில்லை.
மெத்தையில் கட்டைவிரலை ஊன்றி எடுத்து
ஒண்ணு, ரெண்டு, மூணு.
குழி மெல்ல மெல்ல எழும்பினால்
"இது மூஞ்சிய முழுங்கிரும். வேற காட்டுங்க."

ஜெபக்கனி என்று பெயர்வில்லை குத்தியிருந்த பிள்ளை
முயல் போட்ட பஞ்சுத் திண்டைக் கொண்டுவந்தாள்,
உள்ளே சுற்றிக் கட்டலாமாம்.
வேண்டாம்மா.
கடுகுத் தலையணை கொண்டுவந்தாள்,
தலை உருண்டையாகுமாம்.
"தல எப்பிடி இருந்தா என்ன, மூச்சு வந்தாப் போதும்லா."
கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
பில் போடும் மெஷின் மட்டும்
யாருக்கோ தாளைத் துப்பிக்கொண்டிருந்தது.

நாடாவை எடுத்தார்.
கம்பிக்கும் கம்பிக்கும் ஆறு சென்டிமீட்டர் தாண்டினால் தள்ளினார்.
நாலைந்து தொட்டில் தள்ளுபடி.
நான் ஒன்பதாம் மாசத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு
பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்,
உள்ளே இருக்கிறது உதைத்தது
அதுவும் அளவு எடுக்கிற மாதிரி.

கடைசியில் ஒன்று கிடைத்தது. சாம்பல் நிறம்.
கட்டிலோடு வாரால் இழுத்துக் கட்டுகிற மாதிரி,
ஒரு பக்கம் இறங்கும்.
ஆட்டோவில் என் காலுக்குக் குறுக்கே வந்தது.

வீட்டில் வைத்துப் பார்த்தால்
கால்களை மேல் துளை வரைக்கும் ஏற்றியும்
கட்டில் நாலு அங்குலம் உசரம்.
அந்தப் படியில் பிள்ளை உருண்டு வரும், இல்லை என் மெத்தை சரியும்.
அடியில் செங்கல் வைப்போமா என்றேன்.
தொட்டில் காலுக்குக் கீழே எதுவும் வைக்கக் கூடாது என்று
தாளில் போட்டிருக்கிறது என்றார்.
பிறகு கட்டிலையே பார்த்தார்.

தேக்கு. எங்க அப்பா அம்பாசமுத்திரத்தில் செய்யச் சொல்லி
லாரியில் ஏற்றி அனுப்பிய சீர்க் கட்டில்.
தலைமாட்டில் மயில்,
அடியில் பெயிண்டில் என் பெயரும் கல்யாணத் தேதியும்.
பலவேசம் வாயே திறக்கவில்லை.
நான்தான் சொன்னேன்:
"அறுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறுத்தார்.
தேக்குத் தூள் வாசனை சோற்றுப் பானை வரைக்கும்.
அப்பா வந்து பார்த்தபோது
கட்டில் குட்டையாகிப் போச்சே என்றார்;
நாங்கள்தான் உசந்துட்டோம் மாமா என்று இவர் சொல்ல
அப்பா சிரிக்கவில்லை.

பிள்ளை பிறந்தது. ஹைகிரவுண்டில், வயிற்றைக் கிழித்து.
குனிய முடியாது, எழும்ப முடியாது.
கை மட்டும் போகும்.
இருட்டில் கையை நீட்டினால்
என் மெத்தை முடிகிற இடம் தெரியாமல்
அவள் மெத்தை தொடங்கிவிடுகிறது.
நடுவில் சுண்டுவிரல் நுழைகிறதா என்று
தினமும் படுக்குமுன் பார்க்கிறார். நுழையாது.
மல்லாந்து கிடக்கிறாள்,
தலையணை இல்லை, பொம்மை இல்லை, ஒரு துணி நுனி இல்லை.
இவ்வளவு வெறுமையாக ஒரு படுக்கையை
நான் பார்த்ததில்லை.

ஒரு கால் மட்டும் கொஞ்சம் அதிகமாக அறுபட்டுப்போனது.
கட்டில் கால்தானே என்று
அதன் அடியில் ரெக்சின் துண்டை மடித்து வைத்திருக்கிறார்.
இவர் புரண்டால் கட்டில் கிறீச்சென்கிறது.
உடனே மூவரில் ஒருத்தி முழித்துக்கொள்கிறோம்.
பெரும்பாலும் நான்.